அண்ணி கையெழுத்துப் போட்ட அட்டவணை

எங்கள் அண்ணிக்கு மாவட்ட நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை. தீர்ப்பின் நகலை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, சரிதான் என்று கையெழுத்துப் போடவேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டார். வீட்டில் மளிகைச் சீட்டையும் அப்படித்தான் படிப்பார். அண்ணன் பாடு திண்டாட்டம்தான்.

அங்கிருந்த நீதிபதியை உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கச் சொல்லி மூத்த நீதிபதிகள் குழு பெயர் அனுப்பியது. அரசு திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு தெருவையே காலி செய்யச் சொன்ன அரசு உத்தரவை அவர் ரத்து செய்திருந்தார். அந்த வயிற்றெரிச்சலை வெளியே சொல்ல முடியுமா? ‘அந்த வழக்கில் விசாரணை முடிந்தும் தீர்ப்புச் சொல்லாமல் பதினோரு மாதம் இழுத்தடித்தார்’ என்று எழுதிவிட்டார்கள். உண்மையான தேதிகளை அனுப்பும்படி குழு நீதிமன்றத்தைக் கேட்டது.

தலைமை எழுத்தர் அரசு சொன்ன தேதிகளையே அட்டவணையாக டைப் அடித்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார். அண்ணி பதிவேட்டைப் புரட்டினார். விசாரணை முடிந்த பன்னிரண்டாம் நாளே தீர்ப்பு வந்திருந்தது. அரசுத் தரப்புதான் பத்து மாதம் தூங்கிவிட்டு நகலுக்கு மனுப் போட்டிருந்தது. நகல் தங்கள் கைக்கு வந்த நாளைத் தீர்ப்பு நாளாக்கிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்!

“மேலிடத்துக் கணக்கும்மா இது. உங்களுக்கு எதுக்கு வம்பு?” என்றார் தலைமை எழுத்தர். “எல்லைப்பக்கம் ஒரு கோர்ட்ல ஆள் பத்தலையாம், தெரியும்ல?”

அண்ணிக்குத் தெரியும். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

“உனக்கு மெமோ குடுத்த ஜட்ஜுதானே அவரு? அவருக்காகவா இவ்வளவு?” என்றார் அண்ணன்.

“மெமோ சரியாத்தாங்க குடுத்தாரு. நான் லேட்டாத்தானே போனேன்?”

அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணி அட்டவணையில் தப்பான தேதிகளைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்திலேயே சரியான தேதிகளை எழுதி, பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டார். குழு கொடுத்த கெடு அன்று மாலையோடு முடிந்தது. தலைமை எழுத்தர் தலையில் கையை வைத்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் நாங்கள் மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் குழு அதே பெயரை மறுபடியும் அனுப்பியது. இரண்டாம் முறை அனுப்பினால் நியமித்தே தீரவேண்டும் என்பது எங்கள் சட்டம். பதிவேட்டின் பக்க எண்ணையும் குழு தன் கடிதத்தில் எழுதியிருந்தது. இனி அண்ணியைத் தூக்கியடித்தால் ஏனென்று ஊரே கேட்கும். மாற்றல் பேச்சு அடங்கிப்போனது.

பதவியேற்பை வீட்டில் என் போனில்தான் பார்த்தோம். ‘அச்சமின்றி, சார்பின்றி’ என்று அவர் உறுதிமொழி எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் என்ன வெட்கம்?

“அண்ணி, அவர் இப்பதான் அச்சமின்றின்னு சொல்றாரு. நீங்க எப்பவோ செஞ்சு காட்டிட்டீங்க!” என்றேன்.

“அட போங்க தம்பி! பயந்து நடுங்கிக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டேன்” என்றார் அண்ணி. “ஆனா போட்டுட்டேன்ல!”