மூன்றாவது வேலியின் மேல் கழி

1. சுதந்திர தின விளையாட்டில் குதிரைகள் வேலி தாண்டும் போட்டி ஒன்று வைப்பது என்று முடிவாயிற்று.
2. வேலிகளை வரையும் வேலை என்னிடம் வந்தது.
3. குதிரையின் கால் பட்டால் மேல் கழி விழுந்துவிடும்படி வரைந்தேன்.
4. முதல் நாள் சாயங்காலம் கழிகள் காற்றிலேயே விழுந்தன.
5. பந்தல்காரர் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டினார்.
6. மறுநாள் மத்தியானம் இரண்டு வேலிகளில் கயிற்றை மாற்றினோம். மூன்றாவதற்குப் போவதற்குள் மைதானத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
7. மூன்றாவது வேலியில் ஜட்காக்காரரின் குதிரை முட்டியது.

நடந்ததை எழுதித் தரும்படி ஆபீசில் கேட்டார்கள். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஓவர்சியர் படித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்று மேசைக்குள் வைத்துக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது. ஏழாவது வரியில் வரும் குதிரையின் பின்னால் உட்கார்ந்துதான் நான் தினமும் ஆபீஸ் போய் வந்தேன் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் மதராஸில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். திண்டுக்கல்லில் வேலை கிடைத்தபோது உத்தரவில் டிராஃப்ட்ஸ்மேன் என்றே போட்டிருந்தார்கள். சாக்கடை, கல்வர்ட்டுப் பாலம், பள்ளிக்கூடக் கக்கூஸ், இவைதான் என் பலகைக்கு வரும். வேலி வரையச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். "குதிரை தாண்டுறதுக்குப் படமா? ரெண்டு கம்பை நட்டா அது பாட்டுக்குத் தாண்டும்."

எனக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். பட்டாளத்தில் குதிரைகளைப் பார்த்தவர் அவர். ஒரு கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டே பதில் சொன்னார். வேலி செங்குத்தாக நிற்கக் கூடாது. குதிரை வரும் பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். நிலத்தோடு நிலமாக ஒரு கழி கிடக்க வேண்டும், எங்கே எழும்புவது என்று அதைப் பார்த்துத்தான் குதிரைக்குத் தெரியும். முன்பக்கம் மெத்தென்று விளார் அடைக்க வேண்டும். மேல் கழி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சும்மான்னா?"

"கால் பட்டா கழி போகணும்மா. கழி போகலேன்னா குதிரை போகும்."

அதன்படியே வரைந்தேன். இடுப்பளவு உயரம். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி, குதிரை ஒதுங்கி ஓடாமலிருக்க. முன்னால் விளாருக்கு, காய்ந்த துவரைச் செடியான துவரைமாரைக் கட்டுக்கட்டாகச் சாய்த்து அடைப்பது. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மேல் கழிக்கு, லேசாகக் குடைந்த கட்டை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அதில் கழியை வைத்தால் போதும். விரலால் தள்ளினால் அந்தப் பக்கம் விழும்.

போட்டிக்குப் பெயர் கொடுத்தவை மூன்று குதிரைகள். இரண்டு சிறுமலையிலிருந்து எலுமிச்சம்பழமும் மலைவாழையும் சுமந்து இறங்குகிறவை. மூன்றாவது எங்கள் ஜட்காக்காரர் பாயின் செவலைப் பெட்டை. அது கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறிப் பழகிய குதிரை. அங்கே வேலி தாண்டியிருக்கிறது என்று, வாங்கும்போதே பாயிடம் சொல்லி விற்றிருந்தார்கள். மழை பெய்து தெருவில் ஓடை வெட்டினால் வண்டியோடு தாண்டப் பார்க்கும். "ஏய், பின்னாடி டீச்சரம்மாக்கள் இருக்காங்க" என்று பாய் அதட்டுவார்.

அவர் இதில் இறங்கியதற்குக் காரணம் மார்க்கெட் வாசலில் நடந்த பேச்சு. நான் வண்டிக்குள் இருந்தேன். சிறுமலைக்காரர் ஒருவர் மூட்டையை இறக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏம் பாய், கண்ணுக்கு மறைப்புப் போட்டு ஓட்டுற குதிரைக்கு வேலி எங்க இருக்குன்னு தெரியுமா? எறங்கி நீங்க சொல்லிக் குடுப்பீகளோ?"

"உன் குதிரைக்கு முதுகுல மூட்டை இருந்தாத்தானப்பு நடக்க வரும். சும்மா விட்டா வீட்டுக்குப் போயிரும்."

"அப்ப வாங்க, பாப்போம்."

"வாரேன்."

வண்டி நகர்ந்ததும் பாய் திரும்பாமலேயே என்னிடம் கேட்டார். "நீதானம்மா வேலி போடுற? கழி விழும்ல?"

"விழும் பாய்."

"நெசமா?"

"தொட்டாலே விழும்."

"அப்பச் சரி. இதை நம்பித்தானம்மா வீட்டுல அடுப்பெரியுது" என்றார்.

விளையாட்டுக்கு முதல் நாள் மூன்று வேலிகளும் மைதானத்தில் நின்றன. நடப்பட்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பந்தல்காரர் ஊரில் பெயர் வாங்கியவர். ஆடிக் காற்றில் எத்தனையோ பந்தல் பறந்த இடத்தில் அவர் பந்தல் நின்றிருக்கிறது. கழி ஏன் கட்டாமல் இருக்க வேண்டும் என்று அவரிடம் விளக்கி, தட்டியும் காட்டினேன். விழுந்தது. "நல்லா இருக்கு தாயி, வெளையாட்டுச் சாமான் மாதிரி" என்று சிரித்தார்.

நான் வீட்டுக்குப் போன பிறகு காற்று எழுந்திருக்கிறது. அந்த வருஷம் ஆடி முடிகிற வரை அது ஓயவில்லை. கழிகள் ஒவ்வொன்றாக உருண்டன. எடுத்து வைத்தால் மறுபடி உருண்டன. வேடிக்கை பார்த்தவர்கள், "என்ன மாமா, கல்யாணத்துக்கும் இப்படித்தான் கட்டுவீகளா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தேங்காய்க் கயிற்றை எடுத்து ஒவ்வொரு முனையிலும் பந்தல் கட்டுப் போட்டுவிட்டார். அந்தக் கட்டு இழுக்க இழுக்க இறுகும்.

மறுநாள் கொடியேற்றம் முடிந்து மைதானத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கழியைத் தள்ளினேன். கட்டை, தூண், தட்டி எல்லாம் சேர்ந்து அசைந்தன. கழி மட்டும் தனியாக அசையவில்லை.

"அண்ணே, இதை அவுக்கணும்."

"அவுத்தா காத்துல போயிரும் தாயி. பெரிய அதிகாரி வர்ற நேரத்துல கழி உருண்டா யாரைச் சொல்லுவாக? உன்னையவா சொல்லுவாக?"

அவர் சொன்னதும் நியாயம்தான். காற்றுக்கு நிற்க வேண்டும், குதிரைக்கு விழ வேண்டும். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, பூக்கடைக்குப் போய் ஈர வாழைநார் ஒரு கட்டு வாங்கி வந்தேன். ஒற்றை நாரில் கட்டினால் காற்றைத் தாங்கும். குதிரை கால் பட்டால் அறுந்துவிடும்.

"நாரா? நெலக்கோட்டையில மல்லிகைப்பூ கட்டுற நாரா?" பந்தல்காரர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, நாளையிலருந்து நம்ம பொழப்பு பூக்கடையிலதான்."

ஓவர்சியர் சொன்னால் செய்வதாகச் சொன்னார். ஓவர்சியரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் சரி என்றார். இந்தச் சம்மதத்தை வாங்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. முதல் வேலியில் கயிற்றை அறுத்து நாரால் கட்டினோம். ஜட்காக்காரர் குதிரையைத் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். நாரை இழுத்துப் பார்த்தார். அறுந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் வேறு நார் எடுத்து அந்த முனையைக் கட்டினேன். இரண்டாவது வேலியையும் முடித்தோம்.

அதிகாரி சாயரட்சை பூஜைக்குப் பழனி போக வேண்டுமாம். சொன்ன நேரத்துக்கு முன்பே கார் வந்துவிட்டது. விசில் ஊதினார்கள். மைதானத்தில் இருந்தவர்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். மேடைப் பந்தலின் ஒரு பக்கம் காற்றில் தூக்கவே, பந்தல்காரரும் ஆட்களும் அங்கே ஓடினார்கள். நான் மிச்ச நாருடன் மூன்றாவது வேலிக்கு நடந்தேன். பாதி வழியில் தொண்டர் ஒருவர் மறித்தார்.

"பொம்பளைங்க எடம் அங்கிட்டும்மா."

"அந்த வேலியில கயித்தை மாத்தணும். செத்த நேரம்தான்."

"பேச்சு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச்சு முடிந்த அதே மூச்சில் ஒலிபெருக்கியில், "இப்போது குதிரைகள் வேலி தாண்டும்" என்றார்கள். தொண்டரைக் காணவில்லை. ஓவர்சியர் மேடையில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தல்காரர் மேடைக்குப் பின்னால் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். விட்டால் பந்தல் அதிகாரி தலையில் விழும். பெண்கள் பகுதியைச் சுற்றி இடுப்புயரத்துக்கு மூங்கில் தடுப்பு. அதைத் தாண்டி இறங்கப் போனபோது ஒரு போலீஸ்காரர் தடியை நீட்டி, "குதிரை மெரண்டுரும், உள்ள போம்மா" என்றார். அதுவும் உண்மைதான். மூன்றாவது வேலியில் கயிறு இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தானம்மா கட்டியிருக்கு" என்றார்.

முதல் சிறுமலைக் குதிரை மூன்றையும் சுத்தமாகத் தாண்டியது. இரண்டாவது, முதல் வேலிக்கு முன்னால் நின்று துவரைமாரைத் தின்ன ஆரம்பித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போது ஜட்காக்காரர் மைதானத்தின் அந்தக் கோடியில் செவலையின் மேல் உட்கார்ந்திருந்தார். கண் மறைப்பைக் கழற்றியிருந்தார். நான் கத்தினேன். காற்றும் ஒலிபெருக்கியும் சேர்ந்து அதை என் வாயருகிலேயே எடுத்துக்கொண்டன. நார்க் கட்டைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அவர் பார்த்தார். மூன்றிலும் நார்தான் என்று எடுத்துக்கொண்டவர் போல, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சலாம் வைத்தார்.

செவலை முதல் வேலியை நன்றாகத் தாண்டியது. இரண்டாவதில் பின்னங்கால் கழியில் பட்டது. நார் அறுந்தது, கழி விழுந்தது, குதிரை ஓடியது. நான் வரைந்தது போலவே. கூட்டம் "ஓ"வென்று கேலி செய்தது. பாய்க்கு ரோஷம் வந்து குதிகாலால் தட்டினார். மூன்றாவதற்கு அது வேகமாக வந்து, கொஞ்சம் சீக்கிரமே எழும்பியது. முன்னங்கால்கள் கழியில் இடித்தன. கழி நின்றது. குதிரை அதன் மேலேயே தலைகுப்புறச் சுழன்று அந்தப் பக்கம் விழுந்தது.

அதன் பிறகு என்னை யாரும் தடுக்கவில்லை.

பாய்க்குக் காயமில்லை. செம்மண்ணில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்திருந்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் முன்வலது காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழி விழும்னியேம்மா" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"ரெண்டாவதுல விழுந்துச்சே."

"அது நார் பாய்."

"இது?"

"கயிறு."

அவர் வேலியைப் பார்த்தார். என் கையிலிருந்த நாரைப் பார்த்தார். சொல்ல என்னிடம் எல்லாம் வரிசையாக இருந்தது: காற்று, கார், பேச்சு, தொண்டர். அதில் ஒன்றைக் கூட அவரிடம் சொல்ல முடியவில்லை.

பந்தல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். யாரும் சொல்லாமலே இடுப்புக் கத்தியை எடுத்து இரண்டு முனைகளையும் அறுத்தார். அறுத்த வேகத்தில் கத்தி கழியில் பட்டது. கழி அந்தப் பக்கமாக விழுந்து இரண்டு தரம் புரண்டு நின்றது. "ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றார். நான் சொன்னது அவருக்கும் தெரியும்.

ஆபீசில் யாரும் என்னைக் குறை கூறவில்லை. படத்தைப் பார்த்தார்கள், படம் சரியென்றார்கள். அடுத்த வருஷ விளையாட்டில் குதிரைக்குப் பதிலாக மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வைத்தார்கள். அதற்கு வரைபடம் தேவைப்படவில்லை.

இப்போதைய நிலை இதுதான். செவலை பேகம்பூரில் பாய் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கிறது. எலும்பு முறியவில்லை, முழங்கால் பூட்டு இறுகிவிட்டது, மடங்காது. நிற்கும், கொஞ்சம் நடக்கும். வண்டி இழுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாய் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் மூட்டை தூக்குகிறார். நான் ஆபீசுக்கு நடந்து போகிறேன்.