அப்பாவின் எலும்பில் எங்கள் வீட்டு யன்னல்

அன்று வைத்தியரின் அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அக்கா இல்லை. அக்காவின் மகள் ஆரணியும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை. அந்நேரம் அவள் அக்காவோடு, டென்மார்க்கில் ஹ்விடோவ்ரே என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டில், யன்னலுக்குக் கீழே தரையில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த யன்னலின் பழைய நிறப்பூச்சைச் சுரண்டிய குணம் மாமா வேறு யாரோ வீட்டு வேலையில் இருந்தார்.

அப்பாவின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் வைத்தியர். இருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"ஈயமோ? வலைக்குக் கட்டுற ஈயமோ?" என்றார் அப்பா. "அது எப்பிடி என்ர ரத்தத்துக்கை வரும்?"

வைத்தியர் அடுத்ததாகக் கேட்டது வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நடைபாதைக்கு ஓடிவந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடன வெளியில போ."

"குளிருதடா. சப்பாத்துப் போட்டு..."

"சப்பாத்தும் வேண்டாம். அங்கை இருக்கிற ஒண்டும் வேண்டாம். போ அக்கா."

இதே நிலையில் இருப்பவர்கள் வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் இருந்து எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். டென்மார்க்கில் முப்பது வருடம் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் நின்று ஓய்வுபெற்றவர். வீட்டுக்கு வரும் டேனிஷ் கடிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வீடு வாங்கியபோது கிடைத்த கட்டட நிலை அறிக்கையையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். கூரை, நிலக்கீழ் அறை, ஈரம் என்று எல்லாம் அதில் இருந்தது. பூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அறிக்கை பூச்சைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியாது. சொல்லாததை எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய வீடு. யன்னல் மரத்தில் பூச்சு தட்டுத் தட்டாக ஏறியிருந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று; அதற்குள் அதைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடிக்க வேண்டும். அப்பாவின் ஊர்க்காரரான குணம் மாமா பதினாறாயிரம் குரோனருக்குச் செய்து தருகிறேன் என்றார். என்ன முறையில் செய்வார், தூசியை என்ன செய்வார் என்று எழுதி வாங்குவோமா என்று கேட்டேன்.

"எங்கட ஆளிட்டைப் பேப்பர் கேக்கிறதோ? அவன் என்ன நினைப்பான்?" என்றார் அப்பா. நானும் எழுதி வாங்காமல் விட்டேன். நம்மவர் வீடுகள் பலவற்றில் இதுதான் வழக்கம். எழுத்தில் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மூன்று கிழமை (வாரம்) மாமா யன்னல்களை இயந்திரத்தால் தேய்த்தார். குளிர் என்று அவற்றை மூடியே வைத்திருந்தார். அப்பாவும் கூட நின்று தேய்த்தார். அம்மா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுபோய் அந்தத் தூசிக்குள்ளேயே கொடுத்தா.

பிறகு அப்பாவுக்கு வயிற்று நோ தொடங்கியது. மலம் போகவில்லை. படியேறினால் களைத்தார். இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவது) என்றார்கள். காரணம் தெரியவில்லை. அண்மையில் ஏதும் வேலை செய்தீர்களா என்று வைத்தியர் கேட்டபோது, அப்பா ஓய்வுபெற்றவர் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கேள்வியை விளங்கிக்கொண்டு தன் உடைந்த டேனிஷில் சொன்னா: "யன்னல். மூன்று கிழமை. நிறையத் தூசி." வைத்தியர் இன்னொரு குழாய் இரத்தம் எடுக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழாயில்தான் ஈயம் தெரிந்தது. பழைய காலத்துப் பூச்சில் ஈயம் கலந்திருக்குமாம்; தேய்த்த தூசியோடு அது அப்பாவுக்குள் போயிருந்தது. நோயைக் கண்டுபிடித்தது அம்மா என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றே அப்பா குணம் மாமாவை அழைத்தார்.

"குணம், நான் குறை சொல்ல எடுக்கேல்லை. நீயும் போய் ரத்தம் குடு."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை அண்ணை."

"எனக்கும் ஒண்டுமில்லை எண்டுதான் இருந்தனான். போ."

மாமா போனார். அவருக்கும் ஈயம் கூடித்தான் இருந்தது.

ஆரணிக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் அக்கா பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. பிள்ளையின் மூளை வளரும் வயதில் ஈயம் சிறிதளவும் கெடுதி என்று நான் வாசித்திருந்தேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் வாசித்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முடிவு வந்தது: அளவு கொஞ்சம் அதிகம், ஆனால் மருந்து தேவையில்லை. வீட்டை விட்டு விலக வேண்டும், இரும்பும் கல்சியமும் உள்ள சாப்பாடு கொடுக்க வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லோரும் அந்த வீட்டை விட்டு அக்காவின் இரண்டறை வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டோம்.

அப்பாவுக்குக் கொடுக்கிணைப்புச் சிகிச்சை (ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து) கொடுத்தார்கள். குளிசையில் அழுகிய முட்டை மணம். "மீன் நாத்தத்தில பிறந்தவனுக்கு இது என்ன" என்று விழுங்குவார்.

வீட்டிலிருந்து ஈயத்தை எடுக்க வந்த அடுத்த கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தக்காரர்) ஒரு டேனிஷ்காரர். முதலில் பூச்சின் துண்டுகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பிறகு ஆறு பக்க ஒப்பந்தம் கொண்டுவந்தார்.

"வாசி தம்பி. ஒரு வரியும் விடாதை" என்றார் அப்பா.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிளாஸ்டிக் கட்டி அறையை மூடுவது, ஈரமாக்கிச் சுரண்டுவது, கழிவைத் தனியாகக் கொண்டுபோவது. அந்த மனிதரின் கோப்பி ஆறிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறாவது பக்கத்தில் அப்பா கையை உயர்த்தினார்.

"முடிஞ்ச பிறகு தூசி இல்லையெண்டு ஆர் சொல்லுறது? செய்த இவரோ?"

எனக்குத் தோன்றாத கேள்வி. நான் கேட்டேன். அவர் அப்பாவை ஒரு முறை பார்த்தார். பேனாவை எடுத்து, சுத்தத்தை வேறொரு ஆய்வாளர் சோதிப்பார் என்று கையால் எழுதிச் சேர்த்தார். அப்பா தன் பெயரை ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன் பிறகு எனக்கு வெட்கம் இருக்கவில்லை.

வேலை முடிந்ததும் அந்த ஆய்வாளர் முதல் தடவை ஒரு யன்னல் திட்டில் தூசி கண்டார். திரும்பத் துடைத்தார்கள். அப்பா கேட்டிருக்காவிட்டால் ஆரணி அந்தத் திட்டில்தான் கை வைத்திருப்பாள்.

மூன்றாவது சோதனையில் ஆரணியின் அளவு சரிக்கு வந்துவிட்டது. குணம் மாமா ஈயப் பூச்சைக் கையாளப் பயிற்சி எடுத்துவிட்டார். பழைய வீடு என்றால் ஆய்வுகூட முடிவைக் காட்டாமல் அவர் இப்போது வேலை தொடங்குவதில்லை. அப்பாவின் இரத்தம் தெளிந்தது. எலும்பில் படிந்தது மட்டும் மெல்ல மெல்ல, பல பத்து வருடம் எடுத்துத்தான் போகும் என்றார் வைத்தியர். முன்பெல்லாம் அப்பா வீட்டுக் கடன் தீர இன்னும் எத்தனை வருடம் என்று எண்ணுவார். இப்போது முழங்காலைத் தட்டிவிட்டுச் சொல்கிறார்: "யன்னலில கொஞ்சம் இன்னும் இதுக்கை கிடக்கு. அதுவும் போகட்டும், நான் இருந்து பாக்கிறன்."

கோயிலில் யாரும் வீட்டு வேலை எவ்வளவில் முடிந்தது என்று கேட்டால் அவர் குரலைத் தாழ்த்துவதில்லை. பதினாறாயிரத்துக்குச் செய்ததையும் அதனால் வந்ததையும் முதலில் சொல்வார். பிறகு ஆய்வுகூடம், சுரண்டல், இரண்டு தரம் தூசிச் சோதனை எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு சொல்லாக:

"தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐஞ்ஞூறு குரோனர்."