உஷாராணியின் ஊசி

உஷாராணி ஊசியை எடுத்தால், குவாலா சிலாங்கூரிலுள்ள வலியெல்லாம் லோரி பிடித்து ஈப்போவுக்கு ஓடிவிடும். பழைய காரில் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் அந்த மிருக டாக்டரை விமலன் இப்படித்தான் விளம்பரம் செய்வான்.

அன்று அவனுடைய செம்மறிக்கே குளம்பில் செம்பனை முள் ஏறியிருந்தது.

"சத்தமே போடலக்கா. வலி இருக்காது. ஊசி வேஸ்ட் லா. தீபாவளிக்கு எப்படியும் பெரட்டல் கறிதான்."

"வெள்ளாடுதான்டா கத்தும். செம்மறி வலிச்சா வாய மூடிக்கும்."

வலி போக்கும் ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, உஷாராணி முள்ளைப் பிடுங்கினார். சீழ் வடிந்தது. ஆடு சாவகாசமாகப் புல்லைக் கடித்தது. விமலனிடமிருந்துதான் பேச்சையே காணோம்.

உஷாராணி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு நல்லா மேயுது. நீ ஏன்டா வாய மூடிட்ட? உனக்கும் ஒரு ஊசி போடவா?"