ஆறு கிலோ போதாது

கீழ்க்கட்டளையில் பதினோரு வீடு கட்டியிருக்கிறேன். மேடவாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் தங்குகிற மூன்று மாடி விடுதி. பெரும்பாக்கத்தில் அரசாங்கக் குடியிருப்பு எழும்பியபோது இரண்டு பிளாக்குக்குப் பூச்சு வேலை பார்த்தவர்கள் என் ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கிழக்குத் தாம்பரம் தாண்டி சேலையூரில் நான் குடியிருக்கிற வீடு. மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று யாரும் சீண்டாத மனை அது. நான் வாங்கினேன். நாலடி உயர்த்தி அடித்தளம் போட்டேன். தெருவே மிதந்த வருஷம் என் வாசலில் மூன்று படிதான் நனைந்தது.

படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. பிளானில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. கோட்டைப் பார்த்தே சொல்வேன், இந்தப் படிக்கட்டில் பீரோ ஏறாது என்று. ஏறியதில்லை. பட்டம் வாங்கின இன்ஜினியர்கள், "மேஸ்திரி, நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட ஆள் தினமும் படுக்கையை நனைத்தான் என்று அடுத்து எழுத வேண்டியிருக்கிறது. அதை முன்னால் சொல்லிவிட்டு இதைப் பின்னால் சொன்னால் நீங்கள் என்னை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் தூக்கத்தில் சிறுநீர் போவது எனக்கே தெரியவில்லை. "சில பேருக்கு ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். போகப்போக சரியாயிடும்" என்றார் டாக்டர். பெரியவர்களுக்கான டயபர் கட்டிப் பார்த்தோம். தொடை இடுக்கில் புண் வந்தது. ரப்பர் ஷீட் போட்டு, அதன் மேல் பெட்ஷீட் விரித்துப் படுங்கள் என்றார்கள்.

என் மனைவிக்கு மூட்டு வலி. மாடி ஏற முடியாது. மகனுக்கு ஹைதராபாத்தில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வருவான். மிச்சம் இருப்பது மருமகள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் ஏற வேண்டியவள், ஐந்து மணிக்கே எழுந்து என் பெட்ஷீட்டை எடுத்து, பழைய மெஷினில் போட்டு, மாடியில் காயவைத்துவிட்டுப் போவாள். நான் எழுந்து குளித்துவிட்டு வரும்போது கட்டிலில் புதுசு விரித்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்து அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் அந்த பெட்ஷீட் தானாகவே மாறுகிறது என்பதுபோல நடந்துகொண்டோம்.

நான் வீடு கட்டியபோது தெருவில் என் மாடிதான் உயரம். இப்போது மூன்று பக்கமும் ஃபிளாட். எல்லா பால்கனியும் என் மொட்டை மாடியைத்தான் பார்க்கிறது. ஒரு நாள் கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஆள், காபி டம்ளரோடு எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அங்கிள், டெய்லி ரெண்டு பெட்ஷீட் தொங்குது? கீழ லாட்ஜ் எதுனா ஓட்றீங்களா?"

"ஆமாம், ரூம் வேணுமா?" என்று நானும் சிரித்தேன். கயிற்றை அரைகுறையாக முடிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் என்றைக்காவது யாராவது ஒருத்தர் யோசித்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். தெருவில் நான் நடந்தால் "மேஸ்திரி வர்றார்" என்று பேச்சு போய், வேறு பேச்சு வரும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். ஆபரேஷனுக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. ஆறு நாள் வெயிலே இல்லை. பெட்ஷீட் நாற்காலி மேல், ஜன்னல் கம்பியில், சோபா முதுகில் எல்லாம் தொங்கியது. எத்தனை பவுடர் போட்டாலும் ஈரத் துணிக்கு ஒரு வாடை இருக்கிறதே, அது ஹாலை விட்டுப் போகவில்லை. போதாததற்கு பழைய மெஷினில் துணி பிழிகிற பக்கம் நின்றுபோனது. மருமகள் கையால் முறுக்கிப் பிழிந்தாள். மூன்றாம் நாள் அவள் மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் இருந்தது. அந்தக் கையோடுதான் போர்டில் எழுதப் போனாள்.

அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள். "மாமா, புது வாஷிங் மெஷின் வாங்கிடலாம். கூடவே ஒரு டிரையரும். துணிய உள்ளயே முழுசா காய வெச்சுக் குடுத்துடும். மாடிக்கே போக வேணாம்."

எனக்கு ஏன் அப்படி வாய் போனது என்று தெரியவில்லை. "வெயில் சும்மா கிடைக்குது. அதுக்கு ஒரு மெஷினா? நான் மாடி கட்டினது எதுக்கு?" என்றேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள். "வெயிலு எங்கய்யா கீது? ஜன்னல தொறந்து காட்டு, நானும் பாக்குறேன். அந்தப் பொண்ணு கையப் பாத்தியா நீ? மாடி கட்டினாராம் மாடி."

மகன் போனில், "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேன்பா, நாளைக்கே வந்துடும்" என்றான். கண்ணால் பார்க்காமல் நான் ஒரு லோடு மணல்கூட இறக்கியதில்லை. கடைக்கு நானே வருகிறேன் என்றேன். சனிக்கிழமை மருமகளும் நானும் ஆட்டோ பிடித்து வேளச்சேரி சாலையில் இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

உள்ளே போனால் வெள்ளை வெள்ளையாக வரிசைக்கு மெஷின். நான் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். தகரம் எது, கனம் எது என்று என் கைக்குத் தெரியும். கடைப் பையன் என்று சொல்ல முடியாது, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை போட்ட விற்பனையாளர் வந்தார்.

"சொல்லுங்க மேடம். வீட்ல எத்தன பேரு? என்ன மாதிரி துணி ஜாஸ்தி வரும்? அத வெச்சுதான் கிலோ பாக்கணும்."

மருமகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள். "வீட்ல கைக்குழந்த இருக்கு. தினமும் பெட்ஷீட் ஈரமாயிடும். அதுக்குதான்."

"ஓ, கங்கிராட்ஸ் மேடம்! எத்தன மாசம்?"

"அஞ்சு மாசம்."

எனக்கு ஆபரேஷன் நடந்து அன்றோடு ஐந்து மாதம்.

"பையனா, பொண்ணா?"

"பையன்."

நான் ஒரு ஃபிரிட்ஜைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை நிற்க வைக்கிறவள், முன்பின் தெரியாத மனுஷனிடம் என் மானத்துக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

அவரோ உற்சாகமாகிவிட்டார். எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப்போய்ச் சின்ன மெஷின் ஒன்றைக் காட்டினார். "குழந்தத் துணிக்கு இது சூப்பர் மேடம். ஆறு கிலோ. பேபி கேர்னு தனி புரோகிராமே இருக்கு. டிரையர் உங்களுக்கு தேவையே இல்ல. சின்னச் சின்னத் துணி, ஸ்டாண்டுல போட்டா ஃபேன் காத்துலயே காஞ்சிடும். எதுக்கு வேஸ்ட்டா?"

"இல்ல, பெட்ஷீட்..." என்றாள் மருமகள்.

"குழந்த பெட்ஷீட்தான மேடம்? கர்ச்சீப் சைஸ் இருக்கும்."

"போர்வையும் வரும்."

"அதுவும் சின்னதுதான? என் தங்கச்சி வீட்ல இதேதான் வெச்சிருக்கா. ட்வின்ஸ் அவளுக்கு!"

மருமகள் அதற்கு மேல் என்ன சொல்வாள்? ஐந்து மாதக் குழந்தைக்கு டபுள் காட் பெட்ஷீட் எதற்கு என்று அவர் கேட்டால் பதில் இல்லை. கட்டுப் போட்ட கையால் அந்தச் சின்ன மெஷினின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் பெட்ஷீட் ஒன்றும் ஒரு போர்வையும் போட்டால் அது மூடாது. வாங்கிக்கொண்டு போனால், அவள் மறுபடியும் கையால்தான் துவைக்க வேண்டும். இது எனக்கு அளவு சம்பந்தப்பட்ட விஷயம். அளவில் தப்பு நடக்கும்போது நான் சும்மா நின்றதில்லை.

"தம்பி," என்றேன். "அந்தப் பையனுக்கு அறுபத்தொன்பது வயசு."

அவருக்குப் புரியவில்லை.

"நான்தாம்பா அது. ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம். தூக்கத்துல தெரிய மாட்டேங்குது. டபுள் காட் பெட்ஷீட் தினம் ரெண்டு, போர்வ ஒண்ணு. இப்ப சொல்லு, எத்தன கிலோ?"

மருமகள், "மாமா..." என்றாள். பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால் காது சூடானது. ஆனால் சொன்ன பிறகு, மூன்றாவது மாடி ஆளைக் கண்டு வந்த பயம் வரவில்லை.

அந்த மனுஷன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேபி கேர் நோட்டீஸை மடித்து பாக்கெட்டில் வைத்தார். குரலை இறக்கினார்.

"சாரி சார். அப்ப கதையே வேற. ஆறு கிலோ போதாது. ஒன்பது போங்க. தண்ணிய சூடு பண்ற ஹீட்டர் உள்ளயே இருக்கற ஃபிரண்ட் லோட்தான் உங்களுக்கு, வாடை போகும். ரப்பர் ஷீட் போடறீங்களா?"

"போடறோம்."

"அத மட்டும் மெஷின்ல போட்டுடாதீங்க மேடம். தண்ணி உள்ள மாட்டிக்கும், சுத்தும்போது மெஷினே குதிக்கும். ஷீட்ட கையால துடைச்சுக்கங்க. போர் தண்ணியா?"

"போர்தான். உப்பு."

"மாசத்துக்கு ஒரு தடவ உள்ள உப்பு எடுக்கற பவுடர் போட்டு ஓட்டிடுங்க."

மருமகள் கைபேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். குழந்தை என்றே விட்டிருந்தால் அந்த ரப்பர் ஷீட் விஷயம் வெளியே வந்திருக்குமா?

டிரையரில் இரண்டு வகை காட்டினார். ஒன்று சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது. அதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும். இன்னொன்றில் துணியிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு டப்பாவில் சேரும், எடுத்து ஊற்றினால் போதும்.

"ஓட்டதான? நானே போடுவேன். அது என் சுவரு" என்றேன்.

மருமகள் யோசித்தாள். "மாமா, அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட ஃபிளாட்காரங்க கிச்சன் ஜன்னல் இருக்கு."

அது எனக்குத் தோன்றவில்லை. என் போர்வையின் ஆவி அவர்கள் ரசத்தில் போய் இறங்கியிருக்கும். டப்பா வைத்ததையே எடுத்தோம். தேர்ந்தெடுத்தது அவள்தான், அதில் நான் குறுக்கே வரவில்லை.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டை நெருங்கி, கேம்ப் ரோடு வந்தபோது அவள் சொன்னாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான் மாமா நான் குழந்தன்னு சொன்னேன்."

"தெரியும்மா. ஆனா நீ பொய் சொன்னா ஆறு கிலோதான் வரும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணையும் துடைத்தாள். ஐந்து மாதத்தில் அந்த பெட்ஷீட்டைப் பற்றி நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். "கை வலிக்குதா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இன்னாயா நீ! வூட்டுக்குள்ள எங்களான்ட வாயத் தொறக்க மாட்ட, கடைக்குப் போயி மைக் வெச்சி சொல்லிட்டு வந்தியா?" என்றாள். அப்புறம் எனக்குப் பிடித்த மிளகு ரசம் வைத்தாள்.

மெஷின் இரண்டும் செவ்வாய்க்கிழமை வந்தது. சமையலறைக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தவன் நான். ஒரு நூல்கூட சாயவில்லை. வெளியே மழை ஊற்றுகிறது, உள்ளே பெட்ஷீட் சுடச்சுட, அப்பளம்போல வருகிறது. மறுநாள் காலை மருமகள் ஆறு மணி வரை தூங்கினாள். கொடிக்கயிற்றை நானே அவிழ்த்தேன்.

போன வாரம் மனைவியின் தங்கை வந்தாள். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்து, "யாரு செலக்‌ஷன் இது? எதுக்கு இவ்ளோ பெருசு?" என்று கேட்டாள்.

"நான்தான் பாத்து வாங்கினேன் சித்தி. மழையில துணியே காய மாட்டேங்குது, அதான்" என்றாள் மருமகள். என் மனைவியும், "ஆமா, இந்த மழ இருக்கே" என்று ஒத்து ஊதினாள். தங்கை போகும்வரை மருமகளுக்குத்தான் பாராட்டு. நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்காகத்தான் மறைக்கிறார்கள், தெரியும். ஆனால் ஒரு வீட்டை யார் கட்டினது என்று கேட்டால் கொத்தனார் பெயரை விட்டுவிட்டு மழையின் பெயரைச் சொல்வார்களா? பொருத்தமான மெஷினைப் பார்த்து எடுத்தது மருமகள்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் யாருக்காக வாங்குகிறோம் என்று கடை நடுவில் நின்று சொன்னவன் நான். சொல்லாவிட்டால் அங்கே நிற்பது ஆறு கிலோ பொம்மை. ஆகவே இதைப் படிக்கிற என் வீட்டாருக்குச் சொல்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும், "மாமாவுக்காக வாங்கினோம், அவரே கடையில சொல்லித்தான் சரியானது கெடச்சுது" என்று முழுசாகச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். எனக்குச் சேர வேண்டியதை மழைக்குக் கொடுக்காதீர்கள்.