வேன் ஸ்பீக்கரில் வந்த குரல்

போன மாதம் என் புது போனைக் காரின் ஸ்பீக்கரோடு இணைத்தேன். போன், கார் இரண்டின் திரையிலும் ஓர் ஆறு இலக்க எண் தோன்றியது. இரண்டும் ஒன்றுதான் என்று நான் ஒப்புக்கொண்ட பிறகே புளூடூத் இணைந்தது. எனக்கு ஆனையூர் நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது நானும் மேலூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தியும் மதுரையில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தோம். ஆனையூரில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தோம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை பார்த்து அவளைப் படிக்கவைத்தவர்கள். நான் டவுன்ஹால் ரோட்டில் மலிவாக ஒரு ஹெட்செட் வாங்கியிருந்தேன். பொத்தானை அழுத்தியதும் போனோடு ஒட்டிக்கொண்டது. எண் எதுவும் கேட்கவில்லை. அது வசதி என்றுதான் அன்று நினைத்தோம்.

காலையில் மருத்துவமனை வேன் வரும். எங்கள் கூடத்தின் பொறுப்பாளரான அக்காவும் அதில்தான் வருவார். லீவு கேட்டால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். கேட்டவர்கள் தாங்களாகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் டிரைவர் அண்ணன் வேனில் புது ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். தோழியின் குரல் தலைக்கு மேலிருந்து கணீரென்று வந்தது.

"ஏ புள்ள, சென்னைக்கு வந்து சேந்துட்டேன். பத்து மணிக்கு இன்டர்வியூ. அக்காட்ட காய்ச்சல்னே சொல்லு. ரெண்டு நாளா வெறுங்கஞ்சிதான்னு சேத்துக்க."

எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்ணே," என்ற அக்கா என் போனை வாங்கினார். "காய்ச்சல் எம்புட்டு இருக்கு?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "அக்கா..."

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"மொதல்ல ரெண்டு இட்லி சாப்பிடு. வெறும் வயித்தோட போய் உக்காந்தா பேச்சு வராது. லீவ நான் பாத்துக்கிறேன்."

அவள் அழுதது வேன் முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் ஆனையூரில் செல்போன் சர்வீஸ் கடைக்காரரிடம் கேட்டேன். "ஹெட்செட்டு, ஸ்பீக்கர் ரெண்டும் ஒரே மலிவுச் சரக்கு தங்கச்சி. ஒரே அடையாளத்தச் சொல்லுது. ஒங்க போனு ஹெட்செட்டுன்னு நம்பி, கேக்காமயே சேந்துருச்சு. போன் சிஸ்டத்துலயே இருக்குற ஓட்டை இது. எவனாச்சும் வேணும்னே செஞ்சாலும் இப்பிடித்தான் நம்பும்," என்றார். அதன் பிறகு வெகுநாள் நான் புளூடூத்தை அணைத்தே வைத்திருந்தேன்.

தோழிக்கு அந்த வேலை கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு அக்காவும் வந்து, ஜன்னல் வழியாக ஒரு டிபன் பொட்டலத்தைக் கொடுத்தார். பஸ் போன பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கும் எங்கயாச்சும் இன்டர்வியூ இருந்தா நேராவே சொல்லிரு," என்றார்.

எனக்கு அப்போது எங்கும் போக ஆசையில்லை. அந்த வேனில் நாங்கள் மூவரும் இன்னும் கொஞ்ச நாள் போய்வந்திருக்கலாம் என்றுதான் இருந்தது.