அம்மை வண்டிக்குச் சொன்னது யார்?

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ராயபுரத்தில், கடலின் இரைச்சல் கேட்கிற தூரத்தில், ஒரே வாசலுக்குள் நாலு குடித்தனமாக இருந்த ஒரு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நடுவில் முற்றம், அதில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பிறந்த வீடு மீஞ்சூர். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே யார்டில் வேலை. முதல் குழந்தை, பெண். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்.

எங்களுக்கு அடுத்த போர்ஷனில் மீன் விற்கிற ஒரு அம்மாள் தன் மகனோடு இருந்தார். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது மருத்துவச்சி வந்து சேரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மகனுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலை. சாயந்தரம் வந்ததும் குளித்துவிட்டு என் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தில் சுற்றுவான். "மகாராணி வரா, வழி வுடுங்க" என்று சத்தம் போடுவான். அவளும் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வருஷம் பட்டணத்தில் பெரியம்மை. அங்கே போட்டிருக்கிறது, இங்கே போட்டிருக்கிறது என்று தினமும் ஒரு பேச்சு வரும். யார் வீட்டில் அம்மை கண்டாலும் ஹெல்த் ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும், நோயாளியை வண்டியில் ஏற்றித் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதுதான் சட்டம். ஆனால் அந்த வண்டியில் போனவர்கள் திரும்பி வந்ததை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அதனால் ஜனங்கள் மறைத்தார்கள். அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். நானும் அப்படித்தான். கையில் புண்ணாகும், ஜுரம் வரும் என்று பயந்து, குழந்தைக்குச் சளி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஒருநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்றார்கள். அப்புறம் ஒரு காலையில் அத்தை வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அத்தை முற்றத்துக்கு வந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"ஆத்தா வந்துகீறா. என் வூட்லதான் அவளுக்குச் செய்யணும். வண்டிக்காரன்கிட்ட என் புள்ளையைக் குடுக்க மாட்டேன். கை கூப்பிக் கேக்குறேன், யாரும் வெளிய சொல்லாதீங்க."

எல்லாரும் தலையை ஆட்டினோம். அன்றிலிருந்து அத்தை மீன் கூடையைத் தொடவில்லை.

என் மகளுக்கோ எந்நேரமும் அந்த வாசல்தான் வேண்டும். தரையில் விட்டால் நேராக அங்கே போய், வேப்பிலையைப் பிடித்து இழுப்பாள். உள்ளேயிருந்து அவன் போகச் சொல்லிச் சத்தம் போடுவான். அவன் குரல் கேட்டதும் இவளுக்குச் சந்தோஷம், இன்னும் வேகமாகப் போவாள். கடைசியில் ஒரு பழைய புடவையைக் கிழித்து அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்தேன். அதையும் எப்படியோ நழுவிக்கொண்டு போய்விடுவாள்.

வீட்டுக்காரர் சொன்னார்: "போய் ஹெல்த் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்கு நம்ம கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவே?"

"என் கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தவங்க அவங்க. எப்படிச் சொல்ல முடியும்?" என்றேன்.

"அப்போ நீ மீஞ்சூருக்குக் கிளம்பு."

அதற்குச் சம்மதித்தேன். மறுநாள் போவதாக டிரங்குப் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை, நான் கிளம்புவதற்கு முன்பே, வாசலில் அந்த வண்டி வந்து நின்றது.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஒரு போலீஸ்காரரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் நேராக வேப்பிலை கட்டிய வாசலுக்குப் போனார். அத்தை நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"என் வூடு. என் புள்ளை. உனுக்கு இன்னா வேலை இங்க?"

"அம்மா, இந்த முற்றத்துல எத்தனை குழந்தைங்க இருக்காங்க பாருங்க. உங்களுக்காக மட்டும் சொல்லலை."

"அவனுக்குக் காத்தாட விசிறிவிடக்கூட அங்க ஆளு இல்லியாமே? தண்ணி கேட்டா குடுக்க நாதி இல்லியாமே? என் கண்ணு முன்னாடி சாவட்டும், பரவால்ல. அங்க வுட மாட்டேன்."

போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் கையால் தடுத்தார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து அவனே வந்தான். போர்வையால் தலையோடு மூடியிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஏந்திரும்மா," என்றான். "நான் போறேன்."

அத்தை எழுந்திருக்கவில்லை. அவன் அவரைத் தொடாமல் தாண்டி, முற்றத்தில் எங்கள் எல்லாரையும் விட்டு விலகிச் சுவரோரமாகவே நடந்து, தானே வண்டியில் ஏறினான்.

வண்டி நகர்ந்ததும் அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். என் வாசலில் டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"நீதானே சொன்னே? சொல்லிட்டு உன் ஆத்தா வூட்டுக்கு ஓடப் பாக்குறியா? உன்னை என் பொண்ணு மாதிரி வச்சிருந்தேனேடி!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் என் கண் தன்னால் வீட்டுக்காரர் பக்கம் போய்விட்டது. அவர்தான் போய்ச் சொல்லியிருப்பாரோ என்று எனக்கே சந்தேகம். அந்த ஒரு நொடித் தயக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். அது போதும். பிற்பாடு அவர் குழந்தைமேல் சத்தியம் செய்து தான் சொல்லவில்லை என்றார். அதை நான் நம்பினேன். வேறு யார் நம்புவார்கள்?

இன்ஸ்பெக்டரின் ஆட்கள் அவன் படுக்கையையும் துணிகளையும் தெருவில் போட்டு எரித்தார்கள். எல்லாருக்கும் அம்மை குத்தியாக வேண்டும், அதுவரை யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் கொழந்தையை என் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரைக் கேக்கணும்?"

அவர் கோபப்படவில்லை. "அங்கே வேற குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் குழந்தைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அதை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். என் மகளின் கையில் குத்தியபோது அவள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தாள். அந்த நாட்களில் குழாயடியில் நான் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் குத்திக்கொள்ளவில்லை. ஆத்தா வந்த வீட்டில் ஊசி படக் கூடாது என்று மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குத்திக்கொள்ளாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். தினமும் காலையில் போய் ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்திருப்பார், பொழுது சாய்ந்ததும் வருவார். முகம் கறுத்து, ஆளே பாதியாகிவிட்டார். ஒருநாள் இன்ஸ்பெக்டர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தை அவர் எதிரே போய் நின்றார். முந்தானையை விலக்கிக் கையை நீட்டினார். அவர் குத்தி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு உதடு முணுமுணுத்தபடியே இருந்தார். ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் வர யாருக்கும் துணிச்சல் இல்லை. குழந்தையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் செருப்பை மாட்டினேன். அத்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வழி நெடுக எனக்கு முன்னாலேயே நடந்தார்.

எங்களை ஒரு ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஒரு ஆள் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போனார். அத்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். மகன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். முகத்தில் ஊசி குத்த இடமில்லாமல் அம்மை முத்துகள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. அம்மாவின் குரலை வைத்துத்தான் தலையைத் திருப்பினான். நானும் வந்திருக்கிறேன் என்றேன்.

"மகாராணிக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்லப்பா. அம்மை குத்தியாச்சு. நல்லா இருக்கா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அப்புறம் சொன்னான்: "யம்மா, நான்தாம்மா சொல்லி அனுப்சேன். ஹார்பர் தோஸ்து பின்னாண்ட ஜன்னல்ல என்னைப் பாக்க வந்தான். அவன்கிட்ட சொன்னேன்."

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது தவந்துகினு வந்து வேப்பலையைப் புடிச்சி இழுக்குதும்மா. நான் போ போன்னு கத்துறேன். அது சிரிக்குது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா, நைனா?"

"கேட்டா வுட்டிருப்பியா?"

அத்தை கம்பியை விடவில்லை. அழவும் இல்லை. நேரமாயிற்று என்று ஒருவர் வந்து சொல்லும்வரை அப்படியே நின்றார்.

அந்த வாரமே அவன் போய்விட்டான். உடம்பைத் தரமாட்டோம் என்றார்கள், அதுவும் சட்டம். சுடுகாட்டில் ஒரு மூலையில் குழி தோண்டிப் புதைத்து, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். தூரத்தில் நின்று பார்க்க மட்டும் அத்தையை விட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பக்கத்தில் நின்றார். "என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா" என்றார். அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எங்கள் முற்றத்தில் வேறு யாருக்கும் அம்மை வரவில்லை.

கொஞ்ச நாளில் அத்தை எண்ணூர்ப் பக்கம் தன் தங்கை வீட்டோடு போய்விடுவதாகக் கிளம்பினார். சாமானெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அப்போது என் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், தணிந்த குரலில் பேசினார்.

"அவன் சொன்னதை யார்கிட்டயும் சொல்லாத. எங்க ஜனம் ஒரு மாதிரி. ஆத்தா வந்தப்ப அவளை வுட்டுட்டுத் தானா போனான், அதான் பூட்டான்னு பேசுவாங்க. செத்தும் அவனுக்குக் கெட்ட பேரு வேணாம். நீ சொன்னதாவே இருக்கட்டும்."

அவர் இடுப்பில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் "சரி அத்தை" என்றேன். என் மகள் அதற்குள் தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். அத்தை குனியவில்லை. மெதுவாகக் காலை உருவிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார். அவரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்த வீட்டில் இன்னும் சில வருஷங்கள் இருந்தோம். அக்கம்பக்கத்தில் எனக்கு வைத்த பேரே வேறு. புதிதாகக் குடிவந்தவர்களிடம்கூட, "அவகிட்ட பாத்துப் பேசு, மேலிடத்துல போய்ச் சொல்லிடுவா" என்று சொல்லிவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் உண்மை தொண்டைவரை வரும். விழுங்கிக்கொள்வேன். வீட்டுக்காரருக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். அத்தை காலமாகிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த முற்றத்தில் இருந்தவர்களும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அத்தை மறைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அந்தச் சட்டம் கொடுமை என்றும் சொல்ல முடியவில்லை. நாங்கள் எல்லாரும் எங்கள் வீடு, எங்கள் பிள்ளை, எங்கள் இஷ்டம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த உடம்புக்குச் சொந்தக்காரன் யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தான். அந்த முடிவால்தான் என் மகள் இன்று உயிரோடு இருக்கிறாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை.