தர்ஷினி அக்காவின் நாற்காலிக்கு வரும் தவளை

புதன்கிழமை மத்தியானம் நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "தர்ஷினி அக்கா போய்ட்டாங்க. டெங்கிக் காய்ச்சல்." அதன் கீழே வந்த முதல் பதிலே எனக்குத்தான். "டேய், இது உன் வேலையா? விளையாடாத லா." முபாரக் அனுப்பியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. பொய்ச் செய்தி அனுப்பி, குழுவில் இருக்கும் உங்கள் எல்லாரையும் ஒரு தடவையாவது ஓட வைத்தவன் நான். அன்று மட்டும், இது என் வேலையாகவே இருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

சிலிபினில் முபாரக்கின் அப்பா டீக்கடையில், பின்மேசையில், சனிக்கிழமைதோறும் நாம் எட்டுப் பேர். ஆளுக்கொரு விளையாட்டுக் கார்டு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளும் ஆட்டம். கடையில் விற்கும் பாக்கெட் நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பாக்கெட்டுகளைத் தானே கலந்து தரும் ஒரு நிரலை அக்கா தன் மடிக்கணினியில் எழுதினார். பதினைந்து கார்டில் அரியது ஒன்று, நடுத்தரம் மூன்று, மற்றதெல்லாம் சாதாரணம். ஒரே பாக்கெட்டில் ஒரே கார்டு இரண்டு தடவை வராது. அதை ஆளுக்கொன்றாகப் பெயர் போட்டு அச்சடித்து, வெட்டி, உறைகளில் செருகுவோம். "பிரிக்கும்போது மனசு திக்குன்னு இருக்கணும் லா. இல்லாட்டி அது பாக்கெட்டே இல்ல" என்பார்.

ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் அந்த நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அவருடைய பாக்கெட்டில் வரும் அரிய கார்டு எப்போதும் சேற்றுத் தவளை. ஒன்றுக்கும் உதவாத கார்டு. நமக்கெல்லாம் அதிர்ஷ்டம், அவருக்கு மட்டும் தவளைஷ்டம்.

மூன்றாவது வாரம் தூங்காத கண்ணோடு வந்தார். "ஆயிரம் பாக்கெட் ஓட்டிப் பாத்துட்டேன். உங்க ஏழு பேருக்கும் சரியா விழுது. எனக்கு மட்டும் தவளை. என் கணக்குலதான் எங்கியோ தப்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாச்சும் தெரியுமாடா, வாலு?"

"தவளைக்கு உங்கள புடிச்சிருக்குக்கா."

எல்லாரும் சிரித்தோம். அவரும்தான். அதற்குப் பிறகு புகாரே இல்லை. "வாடா செல்லம்" என்று தவளையைத்தான் முதலில் எடுப்பார். அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன்.

சித்தியவான் பக்கம், ரப்பர்த் தோட்டம் செம்பனையாகிவிட்ட இடத்தில் அவர் வீடு. காரியம் முடிந்ததும் அவர் அம்மா மடிக்கணினியை என் கையில் கொடுத்தார். "இதுல உங்க விளையாட்டு இருக்காமே. நீங்களே வெச்சிக்கிங்க தம்பி."

அந்தச் சனிக்கிழமை அவர் நாற்காலியைக் காலியாக விட்டு, எட்டுப் பாக்கெட் அச்சடித்தோம். அவருடையதை முபாரக் பிரித்தான். சேற்றுத் தவளை.

"அக்கா வந்திருக்காங்கடா" என்றான் மெதுவாக.

யாரும் டீயைத் தொடவில்லை. காரணம் தெரிந்த நானும்தான்.

மறுநாள் காலை அந்த வரியை அழிக்கத்தான் நிரலைத் திறந்தேன். அந்த வரிக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, அக்கா எழுதி வைத்திருந்தார்: "வாலு, நீதான்னு தெரியும் லா. நீயா வந்து சொல்லு, எடுத்துடுறேன்."

சொல்லிவிட்டேன் அக்கா, எல்லார் முன்னாலும். நான்தான். உங்கள் கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் எடுக்கிறேன் என்றது நீங்கள். அந்த வரியில் நான் கை வைக்க மாட்டேன். மடிக்கணினி என்னிடம்தான் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமையும் எட்டுப் பாக்கெட் அச்சடிப்போம். ஒன்றில் தவளை இருக்கும்.